கலாவாவிக் கரையிலே

கலாவாவியிலிருந்து அநுராதபுரத்துத் திஸ்ஸ வாவி வரை ஏறக்குறைய 54 மைல் வளைந்து செல்வது ஜயகங்கை என்னும் பழங்கால்வாய். மோட்டார் வண்டியில் விரைபவர் அதன் அருமையை அறியார். துவிச்சக்கர வண்டியே அதற்கு ஏற்றது. முதல் 17 மைலில் மைலுக்கு 6 அங்குலமே தாழ்வு. மிதிப்பவன் காலுக்கு அது தெரியாது, நீருக்குத் தெரியும்.

கரையும் ஒரு பக்கத்திலேயே உண்டு. மேட்டுப் பக்கம் திறந்து கிடப்பதால், மழைநீர் தடையின்றிக் கால்வாயில் இறங்கும். பள்ளங்களிற் பரந்து குளம்போலத் தேங்கும். வழியோரச் சிற்றூர்க் குளங்களுக்கும் இக்கால்வாயே நீர் ஊட்டியது. மறுகரை கட்டாமை குறையன்று. அறிந்து செய்த செயலே.

கலாவாவியை 5ஆம் நூற்றாண்டிற் கட்டுவித்தவன் தாதுசேனன். ஆட்சியைப் பறித்த மகன் காசியப்பன், மறைத்த பொருள் எங்கே எனக் கேட்டு வருத்தினான். தந்தை இவ்வாவியில் நீராடி, நீர் அருந்தி, தன் செல்வம் முழுவதும் இதுவே என்றானாம். பின்னர் அவன் கொல்லப்பட்டான். காலப்போக்கிற் பாழுற்ற வாவி 1880களில் பிரித்தானியர் ஆட்சியிலே திருத்தப்பட்டது.

மன்னன் மொழிந்த இதனை வகுப்பிலே சொல்லாத ஆசிரியர் அரியர். ஆயின் அதே வம்ச நூல் வேறொன்றும் கூறுகின்றது. அணை கட்டுங் காலத்தில், தியானத்தினின்றும் எழாத துறவி ஒருவரை மண்ணிட்டு மூடச் செய்தவனும் தாதுசேனனே; அவன் முடிவு அவ்வினையின் பயனாம். அப்பகுதியை நாம் மாணவர்க்குச் சொல்வதில்லை. நானும் பல்லாண்டு சொல்லாமலே விட்டேன்.