மலையடிவாரத்து வனக்குழுக்கள் - ஒரு வரலாற்றுப் பார்வை

சுரண்டையில் நின்று மேற்கே பார்த்தால் மலை தெரியும். ஆனி மாதம் அந்த மலை மேகத்துக்குள் மறைந்துவிட்டால் "குத்தாலத்துல சீசன் ஆரம்பிச்சாச்சு" என்று பேச்சு கிளம்பிவிடும். வெளியூர்க்காரர்களுக்குச் சீசன் என்றால் அருவிக் குளியல். சுரண்டை வட்டாரத்து விவசாயிக்கு அது குளத்துத் தண்ணீர்க் கணக்கு. மலையில் பெய்யும் மழை சிற்றாறாகவும் அனுமன் நதியாகவும் இறங்கி, வீரகேரளம்புதூர் பக்கம் ஒன்றாகி, வழியில் இருக்கிற கால்வாய்களுக்கும் குளங்களுக்கும் கொடுத்துவிட்டு, மிச்சம் சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் போய்ச் சேர்கிறது. மேலே காடு இருந்தால்தான் கீழே குளம் பெருகும். இதை இந்தப் பகுதியில் யாரும் பாடப்புத்தகம் பார்த்துத் தெரிந்துகொள்ளவில்லை.

அப்படியானால் அந்தக் காட்டைக் காப்பது யார் வேலை? வனத்துறையின் வேலையா, மலையடிவாரத்து ஊர்க்காரர்களின் வேலையா? 1990களில் இந்த மாவட்டத்தின் அடிவாரக் கிராமங்களில் "கிராம வனக்குழு" என்ற பெயர்ப்பலகைகள் தோன்றியபோது இது ஏதோ புதிய யோசனை போலப் பேசப்பட்டது. உண்மையில் இந்தக் கேள்விக்கு வயது நூற்றைம்பதுக்கு அருகில். ஒவ்வொரு தலைமுறையிலும் அரசாங்கம் ஊர்மக்களை உதவிக்குக் கூப்பிட்டிருக்கிறது. கூப்பிட்ட விதம்தான் மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

ஆங்கிலேயர் வருவதற்கு முன்பு ஊர்ப்பொது வேலை என்பது இங்கே பழக்கமான ஒன்று. குளத்துக் கரையைப் பலப்படுத்த, மடையைச் சரிசெய்ய, வரத்துக்கால் வெட்ட வீட்டுக்கு ஒரு ஆள் போவார்கள். குடிமராமத்து என்று அதற்குப் பெயர். காட்டுக்கு இப்படி ஒரு முறையான ஏற்பாடு இருந்ததாகச் சொல்ல முடியாது. ஆனால் ஐயனார் கோயில் தோப்பில் ஒரு கிளையை ஒடிக்கவும் ஆட்கள் பயந்தார்கள். விறகும் தழையும் தேனும் மேய்ச்சலும் ஊர் வழக்கப்படி நடந்தன. குடிமராமத்து தேய ஆரம்பித்ததும் சென்னை மாகாணத்துக்கு 1858ல் ஒரு சட்டம் வந்தது. பெயரே கட்டாய உழைப்புச் சட்டம்! ஊர்க்காரர்கள் தாமாகச் செய்துவந்த வேலை, செய்யாவிட்டால் தண்டனை என்று மாறிய இடம் அது.

காட்டு விஷயத்தில் பெரிய திருப்பம் 1882. இந்தியாவின் மற்றப் பகுதிகளுக்கு 1878லேயே வனச்சட்டம் வந்துவிட்டது. சென்னை மாகாணம் மட்டும் அதை ஏற்கவில்லை. காரணம் வேடிக்கையானது. எதிர்த்தது மக்கள் அல்ல, அரசின் சொந்த வருவாய் வாரியமே. இந்த மாகாணத்தில் எந்தக் காடும் ஏதோ ஒரு கிராமத்தின் எல்லைக்குள்தான் இருக்கிறது, காலங்காலமாக அனுபவித்து வரும் உரிமையை ஒரே சட்டத்தில் பிடுங்க முடியாது என்பது வாரியத்தின் வாதம். இந்திய வனத்துறையின் முதல் தலைமை அதிகாரியாக இருந்த ஜெர்மானியர் டீட்ரிச் பிராண்டிஸ் சென்னைக்கு வந்து ஆராய்ந்தார். கிராமங்களுக்கென்று தனிக்காடுகள் ஒதுக்க வேண்டும் என்று அவரே விரும்பினார். கடைசியில் வந்த 1882ஆம் ஆண்டு சென்னை வனச்சட்டத்தில் காப்புக்காடுகள் உறுதியாக நின்றன. கிராமக் காடு என்ற எண்ணம் பின்னால் தள்ளப்பட்டது.

காப்புக்காடு அறிவிக்கும் முறையையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும. அரசு அறிவிப்பு வெளியிடும். உரிமை இருப்பவர்கள் குறித்த காலத்துக்குள் நிர்ணய அதிகாரியிடம் மனுக் கொடுக்க வேண்டும். கொடுக்காதவர்களின் உரிமை போய்விடும். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு விறகுவெட்டி, தன் அப்பா, தாத்தா நடந்த பாதைக்கு மனுக் கொடுக்க வேண்டும் என்று எப்படி அறிவார்? ஒரே நாளில் அவர் திருடன் ஆனார். இதில் இன்னொரு விசேஷமும் உண்டு. காட்டில் தீப்பிடித்தால் அணைக்க அக்கம்பக்கத்தார் உதவியாக வேண்டும் என்று வனச்சட்டமே கடமை விதித்தது. காடு அரசாங்கத்துடையது, தீ மட்டும் பொதுச்சொத்து!

புகார்கள் குவிந்தன. மேய்ச்சல் கட்டணம், ஆட்டை, மாட்டைப் பிடித்துக்கொண்டு போய்ப் பட்டியில் அடைப்பது, கீழ்மட்ட ஊழியர்களின் மாமூல் என்று பட்டியல் நீண்டது. 1912ல் சென்னை அரசு ஒரு வனக் குழுவை நியமித்தது. அது மாவட்டம் மாவட்டமாகப் போய்ச் சாட்சிகளை விசாரித்து 1913ல் அறிக்கை தந்தது. மேய்ச்சலுக்கும் விறகுக்கும் மட்டுமே பயன்படும் காடுகளை ஊர்ப் பஞ்சாயத்துகளிடமே ஒப்படைக்கலாம் என்பது அதன் முக்கியப் பரிந்துரை. அப்படித்தான் "வனப் பஞ்சாயத்து" பிறந்தது. ஊர்ப் பஞ்சாயத்து அரசுக்கு ஒரு தொகை கட்டும், மேய்ச்சல் கட்டணத்தைத் தானே வசூலிக்கும், காவலாளும் தானே வைத்துக்கொள்ளும். இமயமலைப் பகுதியான குமாவுனின் வன் பஞ்சாயத்துகளைப் பற்றித்தான் எல்லாரும் பேசுகிறார்கள். அவற்றுக்கான விதிகள் வந்தது 1931ல். சென்னை மாகாணம் அதற்குப் பல ஆண்டுகள் முந்தியது. ஆனால் அங்கே அவை இன்றும் இருக்கின்றன, இங்கே சுதந்திரத்துக்குப் பிறகு மெல்ல மறைந்துபோயின. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இங்கே பஞ்சாயத்துகளுக்குக் கிடைத்தவை பெரும்பாலும் ஏற்கெனவே தேய்ந்துபோன புதர்க்காடுகள்தான். ஆற்றுக்கு நீர் தருகிற மலைக்காடுகளும் மரம் விற்றுக் காசு பார்க்கக்கூடிய காடுகளும் வனத்துறையின் கையிலேயே இருந்தன.

அடுத்து ஊருக்கு மரம் வந்தது மலையிலிருந்து அல்ல, குளத்திலிருந்து. 1981ல் ஸ்வீடன் நாட்டு உதவியோடு தமிழ்நாட்டில் சமூகக் காடு வளர்ப்புத் திட்டம் தொடங்கியது. குளத்து உள்வாயில் கருவேல மரங்கள் நடப்பட்டன. வளர்ந்த மரங்களை ஏலம் விட்டு வருமானத்தில் ஊராட்சிக்கும் பங்கு தரப்பட்டது. ஏலத் தொகை பேப்பரில் வரும். ஆனால் மரத்தை நட்டவரும் காவல் காத்தவரும் ஏலம் எடுத்தவரும் வேறு வேறு ஆட்கள். அதை "நம்ம மரம்" என்று சொல்ல ஊரில் ஆள் குறைவுதான்.

மாற்றத்துக்கான பொறி வங்காளத்தில் விழுந்தது. மேற்கு வங்கத்தின் அரபாரியில் 1972ல் ஒரு வன அதிகாரி, அழிந்துகொண்டிருந்த சால மரக் காட்டைச் சுற்றியிருந்த 11 கிராமத்தாரிடம் பேசினார். நீங்கள் காவல் காருங்கள், விளைச்சலில் 25 சதவீதம் உங்களுக்கு என்றார். அடிமரத்திலிருந்து காடு மீண்டும் துளிர்த்தது. 1988ல் வந்த தேசிய வனக்கொள்கை காட்டை வருமானம் தரும் இடமாக முதலில் பார்க்காமல், சுற்றுச்சூழலையும் அடிவார மக்களின் தேவையையும் முன்னால் வைத்தது. 1990 ஜூன் 1 அன்று மத்திய அரசு அனுப்பிய சுற்றறிக்கையின் மூலம் கூட்டு வன மேலாண்மை நாடு முழுக்கப் பரவியது.

நெல்லைச் சீமைக்கு இது இரண்டு வழிகளில் வந்து சேர்ந்தது. ஒன்று, களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். 1962ல் முண்டந்துறையும் 1976ல் களக்காடும் சரணாலயங்கள் ஆயின. 1988ல் இரண்டையும் சேர்த்துப் புலிகள் காப்பகமாக அறிவித்தார்கள். கடையம் வனச்சரகம் வரை அதன் எல்லை நீள்கிறது. கிழக்கு அடிவாரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட சிற்றூர்கள். விடியும் முன்னே மலையேறி, மதியம் விறகுக்கட்டைத் தலையில் வைத்து இறங்கி, டீக்கடைக்கும் வீடுகளுக்கும் விற்று அன்றைய அரிசி வாங்கும் பெண்கள் அந்த ஊர்களில் ஏராளம். 1990களின் நடுவில் உலக வங்கிக் கடனுதவியோடு இங்கே சூழல் மேம்பாட்டுத் திட்டம் வந்தது. மற்றொரு வழி, 1997ல் ஜப்பான் நாட்டுக் கடனில் தொடங்கிய தமிழ்நாடு காடு வளர்ப்புத் திட்டம். மாநிலம் முழுக்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்களில் வனக்குழு அமைத்துக் கன்று நடுவது, தடுப்பணையும் கசிவுநீர்க் குட்டையும் கட்டுவது அதன் வேலை.

குழுவின் அமைப்பு எளிமையானது. வீட்டுக்கு ஒரு ஆண், ஒரு பெண் என்று எல்லாரும் உறுப்பினர். அவர்களிலிருந்து செயற்குழு, தலைவர். செயலாளர் மட்டும் வனத்துறை ஆள். உறுப்பினர்கள் கோடை வருமுன் தீத்தடுப்புக் கோடு வெட்டுவார்கள், புகை தெரிந்தால் ஓடுவார்கள், வெளியூர் விறகுவண்டியை மறிப்பார்கள், கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். சிலவற்றுக்குக் கூலி உண்டு. பலவற்றுக்குக் கிடையாது.

புலிகள் காப்பகப் பக்கத்துக் குழுக்களில் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். திட்டப் பணத்தைச் சும்மா பங்கிட்டுக் கொடுக்காமல், குழுவின் கணக்கில் சுழல்நிதியாகப் போட்டார்கள். விறகுக்குப் போகிற பெண் அதில் கடன் வாங்கிக் கறவை மாடோ பெட்டிக்கடையோ தையல் மெஷினோ வாங்கலாம். வட்டியோடு திருப்பிக் கட்டினால் அடுத்தவருக்குப் போகும். பதிலுக்கு அவர் மலையேறுவதை விட வேண்டும். சாண எரிவாயுக் கலன், புகையில்லா அடுப்பு, பிரஷர் குக்கர்கூட இந்தத் திட்டத்தில் வந்தன. புலியைக் காப்பாற்றக் குக்கரா என்று சிரிக்கத் தோன்றும். ஆனால் ஒரு வீட்டில் எரியும் விறகு குறைந்தால் மலையிலிருந்து இறங்கும் கட்டும் குறையும். சிரிப்பதற்கு இதில் ஒன்றும் இல்லை.

திட்டம் 2001ல் முடிந்தது. சுழல்நிதி சுழன்றுகொண்டிருந்த ஊர்களில் குழு கூடியது. பணம் வராக்கடனாகப் போன ஊர்களில் பெயர்ப்பலகை மட்டும் நின்றது. நடவுக் கூலியை மட்டுமே நம்பியிருந்த குழுக்களின் கதையும் பல இடங்களில் இதேதான். பணம் இருந்தவரை கூட்டம், பிறகு யாருமில்லை. இதை மக்களின் அக்கறையின்மை என்று சொல்வது நியாயமாகப் படவில்லை. கூட்டத்துக்கு வர ஒரு காரணம் இருந்த ஊரில் அதே மக்கள்தானே வந்தார்கள்?

தலைச்சுமை விறகு குறைந்ததற்கு முழுப் பெருமையையும் வனக்குழுவுக்கே கொடுத்துவிடவும் முடியாது. 2006க்குப் பிறகு தமிழக அரசு இலவச எரிவாயு அடுப்பு கொடுத்தது. அதே காலத்தில் நூறுநாள் வேலைத்திட்டம் வந்தது. சீமைக்கருவேலம் வயல்வெளியிலேயே இலவச விறகு தந்தது. எல்லாவற்றுக்கும் முன்பிருந்தே தென்காசி, கடையம், ஆலங்குளம் பகுதிப் பெண்களுக்குப் பீடி சுற்றும் தொழில் இருந்தது. சொளவு நிறைய இலையோடு திண்ணையில் உட்காருகிற ஒரு பெண், விறகுக்குப் போகாத பெண். அந்தப் பீடி இலை மட்டும் மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் பக்கத்துக் காடுகளிலிருந்து, அங்குள்ள ஏழைகளின் கையால் பறிக்கப்பட்டு வருகிறது என்பது தனிக்கதை.

2006ல் வந்த வன உரிமைச் சட்டம்தான் முதல்முறையாகக் காட்டைக் காக்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்குச் சட்டப்படி கொடுத்தது. வனக்குழு அரசாணையால் பிறந்தது, அரசாணையாலேயே கலைக்கவும் படலாம். கிராம சபை அப்படியல்ல. ஆனால் பழங்குடி அல்லாத மற்றவர்கள் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள், அந்தக் காட்டை நம்பி வாழ்ந்ததை நிரூபித்தாக வேண்டும். காரையாறு பக்கம் வாழும் காணிகளுக்கு இந்தச் சட்டம் உதவும். அடிவாரத்து விறகுக்காரப் பெண்ணிடம் 75 ஆண்டுக் கணக்குக்கு என்ன காகிதம் இருக்கும்?

தன்னார்வம் வேறு வழிகளிலும் வளர்ந்திருக்கிறது. 2011 முதல் தை மாதத்தை ஒட்டித் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. மணிமுத்தாறில் இயங்கும் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையமும் உள்ளூர் இயற்கை ஆர்வலர்களும் அதை நடத்துகிறார்கள். கல்லூரி மாணவர்கள் விடியற்காலையில் பைனாகுலரோடு குளத்துக்கரையில் நிற்பார்கள். குற்றாலம், கடையநல்லூர், சிவகிரிப் பக்கத்துக் காடுகள் 2015ல் நெல்லை வனவிலங்குச் சரணாலயம் ஆயின. 2019ல் தென்காசி தனி மாவட்டமும் ஆனது. எல்லைகளும் பெயர்களும் மாறின. காவல்காரர்களின் எண்ணிக்கையை வைத்து அத்தனை பெரிய மலையைப் பார்த்துக்கொள்ள முடியாது என்பது மாறவில்லை. மாசி, பங்குனியில் புல் காய்ந்ததும் முதல் புகையைப் பார்க்கிறவர் பெரும்பாலும் அடிவாரத்தில் ஆடு மேய்ப்பவராகத்தான் இருப்பார்.

வனக்குழுவின் வங்கிக் கணக்கில் பணம் எடுக்க இரண்டு கையெழுத்து வேண்டும். ஒன்று ஊர்க்காரரான தலைவருடையது, மற்றது வனத்துறை அதிகாரியுடையது. அதிகாரிக்கு மாற்றல் வந்தால் புது அதிகாரி வந்து வங்கியில் கையெழுத்து மாதிரி கொடுக்கும்வரை ஊர்ப் பணம் அசையாது. அதுவரை கடன் கேட்டவர் காத்திருக்க வேண்டியதுதான்.