திருவிருந்து மறுக்கப்பட்ட வானியலறிஞர்: யோகான்னஸ் கெப்ளர்

கோள்களின் இயக்க விதிகளை வகுத்தவர் என்ற முறையில் யோகான்னஸ் கெப்ளரின் (1571–1630) பெயரைப் பள்ளி மாணவரும் அறிவர். ஆனால் அவர் ஆயர் பணிக்கென இறையியல் பயின்றவர் என்பதையும், தம் சொந்தத் திருச்சபையினாலேயே திருவிருந்தினின்று விலக்கப்பட்டவர் என்பதையும் பலர் அறியார். அவருடைய அறிவியலையும் விசுவாசத்தையும் தனித்தனியே காண்போர் அவ்விரண்டிலும் செயற்பட்ட ஒரே மனச்சாட்சியைக் காணத் தவறுவர்.

இறையியல் மாணவர்

கெப்ளர் தென் ஜெர்மனியிலுள்ள வைல் என்னும் சிறு நகரில் 1571 டிசம்பர் 27-ஆம் நாள் பிறந்தார். லுத்தரன் ஊழியர்களை ஆயத்தப்படுத்துவதற்கென வூர்ட்டம்பர்க் சிற்றரசு நடத்திய பள்ளிகளில் உதவித்தொகை பெற்றுக் கற்ற பின், 1589-இல் டூபிங்கன் பல்கலைக்கழகத்தை அடைந்தார். அங்கே மிக்கேல் மேஸ்ட்லின் என்னும் ஆசிரியரிடம், கதிரவனே நடுவில் நிற்கிறது என்ற கோப்பர்னிக்கஸின் கொள்கையைக் கற்றார்.

இறையியற் படிப்பு நிறைவுறுமுன்னரே, 1594-இல், ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரிலிருந்த புரொட்டஸ்தாந்துப் பள்ளிக்குக் கணித ஆசிரியராக அனுப்பப்பட்டார். போதக ஊழியத்தை நாடியிருந்த அவர் தயக்கத்துடனேயே சென்றார். எனினும், வானியலினாலும் கடவுள் மகிமைப்படுகிறார் என்ற உறுதி விரைவில் தமக்குப் பிறந்ததை 1595-இல் மேஸ்ட்லினுக்கு எழுதிய கடிதமொன்றில் தெரிவித்தார். படைப்பாகிய நூலை வாசிப்பதும் ஒருவகை ஆசாரிய ஊழியமே என்பது அவர் கொண்ட கருத்து.

கிராட்ஸில் எதிர்ச் சீர்திருத்த இயக்கம் வலுத்தது. கத்தோலிக்கராக மாற இசையாதவர்கள் 1600-இல் நாடு கடத்தப்பட்டபோது கெப்ளரும் குடும்பத்தோடு வெளியேறி, பிராக் நகரில் டைக்கோ பிராகே என்னும் வானியலறிஞரிடம் சேர்ந்தார். 1601-இல் டைக்கோ மறையவே, பேரரசரின் கணிதராக அமர்த்தப்பட்டார்.

எட்டுக் கலை

செவ்வாய்க் கோளின் பாதையைக் கணிப்பதே அவர் மேற்கொண்ட பெரும்பணி. கோள்கள் வட்டப் பாதையிலேயே இயங்கும் என்பது ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளாக எவரும் ஐயுறாத கொள்கை. அதற்கேற்ப அவர் கணித்த இடத்திற்கும் டைக்கோ கண்டு குறித்திருந்த இடத்திற்கும் எட்டுக் கலை வேறுபாடு இருந்தது. ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கே ஒரு கலை. எட்டுக் கலை என்பது முழுநிலவின் விட்டத்தில் ஏறக்குறைய கால் பங்கு. இச்சிறு பிழையை முன்னோர் பொருட்படுத்தியிரார். கெப்ளரோ, டைக்கோவைப் போன்ற நுட்பமான நோக்கரைக் கடவுள் தந்திருக்க, அவருடைய அளவைகளைப் புறக்கணிப்பது நன்றியின்மை என்று எண்ணினார். பல ஆண்டு உழைப்பைத் தள்ளிவிட்டு மீண்டும் தொடங்கினார். செவ்வாய் நீள்வட்டத்தில் செல்கிறது என்ற முடிவு 1609-இல் ‘புதிய வானியல்’ என்னும் நூலாக வெளிவந்தது.

அந்நூலின் முன்னுரையில் அவர் வேத விளக்கத்தையும் தொட்டார். கதிரவன் நின்றதாக யோசுவா 10-ஆம் அதிகாரம் கூறுவது கண்ணுக்குத் தோன்றும் வண்ணம் மக்கள் பேசும் மொழியே. வானியல் கற்பிப்பது வேதத்தின் நோக்கமன்று என்று அவர் வாதிட்டார்.

லின்ஸ் நகரில் நேர்ந்தது

1612-இல் கெப்ளர் லின்ஸ் நகருக்குக் குடியேறினார். முந்திய ஆண்டில் மனைவியையும் ஒரு மகனையும் இழந்திருந்த அவர், தம் லுத்தரன் சபையின் திருவிருந்தில் பங்குபெற நாடினார். 1577-இல் வரையப்பட்ட ‘ஒற்றுமை அறிக்கை’யில் எவ்வித விலக்குமின்றிக் கையொப்பமிட வேண்டும் என்றார் அந்நகர ஆயர் தானியேல் ஹிட்ஸ்லர். கிறிஸ்துவின் சரீரம் எங்கும் நிறைந்திருக்கிறது என்று அவ்வறிக்கை கூறிய போதனை பண்டைத் திருச்சபைப் பிதாக்களின் போதனைக்கு ஒத்ததன்று என்பது கெப்ளரின் கருத்து. அதன் பொருட்டுச் சீர்திருத்த சபையாரைக் கண்டனம் செய்யவும் அவர் மனம் இடங்கொடுக்கவில்லை. ஆகவே திருவிருந்து மறுக்கப்பட்டது.

அவர் ஸ்டுட்கார்ட்டிலிருந்த திருச்சபை மன்றத்திற்கு முறையிட்டார். மன்றம் ஹிட்ஸ்லரின் பக்கமே நின்றது. பின்னர்த் தம் பழைய ஆசிரியரும் நண்பருமான மத்தியாஸ் ஹாஃபன்றெஃபரிடம் மன்றாடினார். அவரும் 1619-இல் இறுதியாக மறுத்துவிட்டார். அதே ஆண்டில்தான், கோள்களின் மூன்றாம் விதியைக் கூறும் ‘உலகின் இசைவு’ வெளிவந்தது. அடுத்த ஆண்டில், சூனியக்காரியெனக் குற்றஞ்சாட்டப்பட்டிருந்த அவருடைய முதிய தாயார் சிறைப்பட்டார். மகனின் விடாமுயற்சியும் துணை நிற்க, 1621-இல் அவர் விடுதலை பெற்றார்.

ஹிட்ஸ்லரைக் கொடியவரென்று தீர்ப்பது எளிது. ஆனால் கத்தோலிக்க ஆட்சியின் நெருக்கடியில் சிறு மந்தையொன்றைக் காத்த மேய்ப்பர் அவர். போதனையில் தளர்ச்சி தோன்றின் மந்தை சிதறும் என்று அஞ்சினார். அவ்வச்சம் பொய்யன்று. எனினும், அந்த மதிலைக் காக்கும் முயற்சியில், அதே நெருக்கடியில் வீட்டையும் பதவியையும் இழந்தும் விசுவாசத்தை விடாத ஒருவரை அவர் வெளியே நிறுத்திவிட்டார். கத்தோலிக்கராக மாறியிருந்தால் கெப்ளருக்குப் பதவிகள் காத்திருந்தன, அவர் மாறவில்லை. லுத்தரன் திருவிருந்தும் கிட்டவில்லை. அதற்காகவும் பொய்க் கையொப்பம் இடவில்லை.

நாம் சிந்திக்க வேண்டியது

எட்டுக் கலை வேறுபாட்டை மூடி மறைக்க மறுத்த அதே நேர்மைதான், நம்பாத ஒன்றின் கீழ்த் தம் பெயரை எழுதவும் மறுத்தது. முன்னதை உலகம் போற்றுகிறது. பின்னதற்காகத் திருச்சபை அவரைத் தண்டித்தது. விசுவாச அறிக்கைகள் திருச்சபைக்குத் தேவை. அவை நற்செய்தியைக் காக்கும் வேலிகள். ஆனால் ஆண்டவருடைய பந்தியை மனச்சாட்சியைப் பணியவைக்கும் கருவியாக்கும்போது வேலி தன் பணியை மறந்துவிடுகிறது.

கெப்ளர் 1630 நவம்பர் 15-இல் ரேகன்ஸ்பர்க் நகரில் காலமானார். நகர மதிலுக்கு வெளியே, புரொட்டஸ்தாந்துக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். முப்பதாண்டுப் போரில் அக்கல்லறையும் அழிந்தது. அடுத்த ஆண்டு நவம்பர் 7-இல், அவர் முன்னறிவித்திருந்தவாறே புதன் கோள் கதிரவனைக் கடப்பதைப் பாரிஸில் பியர் கசாந்தி கண்டார். கசாந்தி ஒரு கத்தோலிக்கக் குரு.