ரஹீம் சாப் என்றொரு வாத்தியார்

ஹைதராபாத் என்றதும் நமக்கு பிரியாணி, சார்மினார், ஹைடெக் சிட்டி என்று வரிசையாக ஞாபகம் வரும். விளையாட்டு என்றால் அசாருதீன், லக்ஷ்மண், சானியா. கால்பந்து என்று யாரும் சொல்வதில்லை. இத்தனைக்கும் ஒரு காலத்தில் இந்திய அணிக்கு ஆள் அனுப்பிக்கொண்டே இருந்த ஊர் அது. அதற்குப் பின்னால் இருந்தவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார்.

சையத் அப்துல் ரஹீம். 1909-ல் ஹைதராபாத்தில் பிறந்தவர். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் பி.ஏ. காச்சிகுடா மிடில் ஸ்கூல், சாதர்காட் உயர்நிலைப் பள்ளி என்று பாடம் நடத்தியவர், பிறகு உடற்கல்வியில் டிப்ளமோ வாங்கி விளையாட்டுப் பக்கம் வந்தார். 1940களில் ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணி அவர் கைக்கு வந்தது. 1950 முதல் 1954 வரை ரோவர்ஸ் கோப்பையைத் தொடர்ந்து ஐந்து முறை ஜெயித்தது அந்த அணி.

வாத்தியார் புத்தி எங்கே தெரிகிறது என்றால், அவர் நடத்திய விசித்திரமான போட்டிகளில். ஒன்றில் டிரிப்ளிங்கே கூடாது, வந்த பந்தை உடனே பாஸ் செய்ய வேண்டும். இன்னொன்றில் பலவீனமான காலால் மட்டுமே உதைக்கலாம். எந்தப் பாடத்தில் வீக்கோ அதிலேயே பரீட்சை! நம் பி.டி. மாஸ்டர்கள் பந்தைத் தூக்கிப் போட்டுவிட்டு நிழலில் உட்கார்ந்ததைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

செகந்திராபாத் அம்முகுடாவில் ஓர் ஏழைப் பையன். பயிற்சிக்கு வர அத்தனை தூரம். ரஹீம் சாப் தன் பையிலிருந்து வாடகை சைக்கிளுக்குக் காசு கொடுத்து வரவழைத்தார். அந்தப் பையன்தான் துளசிதாஸ் பலராம். 1956, 1960 இரண்டு ஒலிம்பிக்கிலும் ஆடினார்.

1951 டெல்லி ஆசியப் போட்டியில் இந்தியாவுக்குத் தங்கம். ஆனால் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யுகோஸ்லாவியாவிடம் 10-1 உதை. நம்மவர்கள் பலர் வெறுங்காலோடு ஆடினார்கள். அதன் பிறகு பூட்ஸ் கட்டாயமாயிற்று. நான்கே வருடத்தில், 1956 மெல்போர்னில், ஆஸ்திரேலியாவை அதன் மண்ணிலேயே 4-2 என்று தோற்கடித்து அரையிறுதிக்குப் போனோம். நெவில் டிசோசா ஹாட்ரிக். ஒலிம்பிக் கால்பந்தில் அரையிறுதிக்குப் போன முதல் ஆசிய நாடு நாம்தான்.

கடைசி அத்தியாயம் 1962 ஜகார்த்தா. ரஹீமுக்கு அப்போது நுரையீரல் புற்றுநோய். முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 2-0 தோல்வி. தாய்லாந்து ஆட்டத்தில் டிபெண்டர் ஜர்னைல் சிங்குக்கு மண்டை உடைந்து தையல். இஸ்ரேலையும் தைவானையும் சேர்க்காததை ஓர் இந்திய அதிகாரி கண்டித்ததால் ஊரே நம் மேல் கோபமாக இருந்தது. செப்டம்பர் 4 இறுதி ஆட்டத்தில், மறுபடியும் அதே தென்கொரியா. அரங்கம் முழுக்க நமக்கு எதிராகக் கூச்சல்.

ரஹீம் என்ன செய்தார்? தலையில் கட்டோடு இருந்த ஜர்னைலை முன்வரிசையில் நிறுத்தினார். முதல் கோல் பி.கே. பானர்ஜி, அடுத்தது அதே ஜர்னைல். கோல் காத்தவர் ஹைதராபாத்தில் பிறந்த பீட்டர் தங்கராஜ். பெயரே சொல்லும், நம்மவர்! 2-1. தங்கம்.

அடுத்த வருடம், 1963 ஜூன் 11-ல் ரஹீம் காலமானார். வயது 53.

அதற்குப் பிறகு ஆசியப் போட்டிக் கால்பந்தில் இந்தியா தங்கம் வாங்கவில்லை. 1960-க்குப் பிறகு ஒலிம்பிக் கால்பந்தில் ஆடவே இல்லை. ஒரு மனிதர் போனதால் ஒரு விளையாட்டே போய்விடுமா என்று கேட்கலாம். போகாதுதான். ஆனால் அவர் செய்தது சின்னப் பையன்களோடு, தெருவிலும் பள்ளி மைதானத்திலும் செய்த வேலை. அதை எடுத்துச் செய்ய அமைப்பு எதுவும் வரவில்லை. கோப்பையைக் கொண்டாடினோம், வாத்தியாரை மறந்தோம்.

2024-ல் அஜய் தேவ்கன் நடித்து 'மைதான்' வந்தபோதுதான் பலருக்கும் அவர் பெயரே தெரிந்தது. அறுபது வருடம் கழித்து! அடுத்த முறை ஹைதராபாத் போனால், பிரியாணிக்கு முன்னால், ஏதாவது ஒரு பள்ளி மைதானத்தைக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். பையன்கள் எந்தக் காலால் உதைக்கிறார்கள் என்று கவனியுங்கள்.