கீழே விழுந்த குடுவையும் உடைந்து கொட்டாத கண்ணாடியும்



போன மாதம் மதுரைக்குப் போகும்போது, விராலிமலை தாண்டி, முன்னால் போன டிப்பர் லாரியிலிருந்து ஒரு ஜல்லிக்கல் தெறித்து எங்கள் கார் கண்ணாடியில் அடித்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால் சிலந்திவலை மாதிரி ஒரு விரிசல், அவ்வளவுதான். மருமகன் ஓரமாக நிறுத்தி, தடவிப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல அத்தை" என்று மறுபடி வண்டியை எடுத்தார். எனக்குத்தான் கை நடுக்கம் நிற்கவில்லை. ஏன் என்று 1987 செட்டுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கொடைக்கானல் சுற்றுலா முடிந்து திரும்பும்போது, வத்தலக்குண்டு பக்கம், எதிரே வந்த லாரியின் டயரிலிருந்து இதே போல் ஒரு கல். ஒரே நொடியில் பஸ்ஸின் முன் கண்ணாடி முழுவதும் பால் ஊற்றியதுபோல் வெளுத்துவிட்டது. சாலையே தெரியவில்லை. இரண்டு பக்கமும் புளியமரங்கள். டிரைவர் அண்ணன் வெறும் கையால் கண்ணாடியைக் குத்தி ஓட்டை போட்டு, அதன் வழியாகப் பார்த்து வண்டியை நிறுத்தினார். அவர் முழங்கை வரை ரத்தம். என் மடியில் கற்கண்டு கற்கண்டாகக் கண்ணாடித் துண்டுகள். நாற்பத்திரண்டு பெண் பிள்ளைகள் பின்னால் இருந்தீர்கள்.

அது டஃபன்ட் கண்ணாடி. 600 டிகிரிக்கு மேல் சூடாக்கி, காற்றைப் பீய்ச்சிச் சட்டென்று குளிரவைப்பார்கள். மேற்பரப்பு இறுகிக்கொள்ளும், உள்ளே இழுவிசை தங்கிவிடும். ஓரிடத்தில் உடைந்தால் போதும், மொத்தமும் பொடித்துண்டாகிவிடும். கத்தி மாதிரி கிழிக்காது என்பது உண்மை. ஆனால் ஓட்டுபவரின் கண்ணை அந்த நொடியில் கட்டிவிடும்.

இப்போது காரில் இருந்தது லேமினேட்டட். இதைப் பற்றி வகுப்பில் நான் சொன்ன கதையில் ஒரு குறை உண்டு. 1903ல் பிரான்சில் எடுவார் பெனெடிக்டஸ் என்ற வேதியியலாளரின் கை தவறிக் குடுவை விழுந்தது, உடைந்தும் சிதறவில்லை, பாதுகாப்புக் கண்ணாடி பிறந்தது என்று ஒரே மூச்சில் முடித்துவிடுவேன். உண்மையில் அந்தக் குடுவையில் முன்பு செல்லுலோஸ் நைட்ரேட் கரைசல் இருந்திருக்கிறது. கரைப்பான் ஆவியாகிப்போய், உட்சுவரில் ஒரு மெல்லிய படலம் தங்கிவிட்டது. அதுதான் துண்டுகளைப் பிடித்துக்கொண்டது. அவர் அதைக் குறித்து எடுத்து வைத்தார். பிற்பாடு, கார் விபத்தில் கண்ணாடி கிழித்துக் காயப்பட்டவர்களைப் பற்றிப் படித்தபோது அந்தக் குடுவை நினைவுக்கு வந்ததாம். காப்புரிமை வாங்கியது 1909ல். நடுவே ஆறு வருடம்! அதை நான் உங்களிடம் சொன்னதே இல்லை. (அவர் ஓவியர், துணி வடிவமைப்பாளர் என்பதும் எனக்கு ஓய்வுக்குப் பிறகுதான் தெரியும்.)

இரண்டு கண்ணாடிக்கு நடுவே ஒரு செல்லுலாய்டு தாள். மூன்றடுக்கு என்பதால் பெயர் ட்ரிப்ளெக்ஸ். முதலில் நன்றாகப் பயன்பட்டது காரில் இல்லை, முதல் உலகப்போரில் விஷவாயு முகமூடிகளின் கண் பகுதியில். 1927ல் வந்த ஃபோர்டு மாடல் ஏ காரில் முன் கண்ணாடியாக ஏறியது. ஆனால் செல்லுலாய்டு வெயிலில் மஞ்சளாகிவிடும். 1930களின் கடைசியில் பாலிவினைல் பியூட்டிரல் வந்த பிறகுதான் அந்தத் தொல்லை தீர்ந்தது. சுருக்கமாக பி.வி.பி.

இன்றும் அதுதான். இரண்டு கண்ணாடிகளைச் சேர்த்து அடுக்கி, சூட்டில் இளக்கி வளைப்பார்கள். தூசி புகாத அறையில் நடுவே பி.வி.பி. தாளை வைப்பார்கள். அப்போது அது மங்கலாக, சொரசொரப்பாக இருக்கும். காற்று வெளியேற அந்தச் சொரசொரப்பு வேண்டும். காற்றை உறிஞ்சிய பின் ஆட்டோகிளேவில் ஏறக்குறைய 140 டிகிரி, வளிமண்டலத்தைப் போல் பன்னிரண்டு மடங்கு அழுத்தம். நம் குக்கருக்குப் பெரியண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியே வரும்போது நடுவே ஒரு தாள் இருப்பதே தெரியாது.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான்: ஒட்டு மிகப் பலமாக இருக்கக்கூடாது. தலை மோதும்போது தாள் கண்ணாடியிலிருந்து கொஞ்சம் விடுபட்டு, ரப்பர் போல் நீண்டு, வேகத்தை வாங்கிக்கொள்ள வேண்டும். இறுக ஒட்டியிருந்தால் நீள வழியில்லாமல் தாளும் கிழிந்துவிடும். முதலில் 0.38 மில்லிமீட்டர் தாளைத்தான் போட்டார்கள்; விபத்தில் தலை அதைக் கிழித்துக்கொண்டு வெளியே போனது. அமெரிக்காவில் 1966 மாடல் கார்களில்தான் 0.76 ஆக்கினார்கள்.

நம் நாட்டில் முன் கண்ணாடி லேமினேட்டட்தான் என்ற விதி 1990களில் வந்தது. நம் சுற்றுலா அதற்கு முந்தியது.

விரிசல் கண்ணாடியை மாற்றியபோது கடைப் பையனிடம் கேட்டு, பழையதில் கையளவு துண்டை வாங்கி வந்தேன். சுத்தியலால் தட்டிப் பார்த்தேன். நொறுங்கியது, கொட்டவில்லை.

1987 செட்டில் யாருக்காவது அந்த டிரைவர் அண்ணன் பற்றித் தெரியுமா? கையில் தையல் போட்டுக்கொண்டு அன்றிரவே நம்மை ஊர் சேர்த்தவர். வீடோ, பிள்ளைகளோ, எந்த விவரம் இருந்தாலும் எனக்குத் தனியாக எழுதுங்கள்.