குதிரை ரத்தமும் ஜிஎஸ்எம் கட்டரும்

1989 மே மாதம் முதலாளியோடு அம்பாசிடர் காரில் ஊட்டி போனேன். வேலை என்று சொல்லித்தான் கூட்டிப் போனார். போய் இறங்கியது பஸ் ஸ்டாண்டை ஒட்டியிருக்கிற குதிரைப் பந்தய மைதானத்தில். அப்போது நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் குவாலிட்டி பார்த்துக்கொண்டிருந்தேன். குதிரையைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் சின்ன வயதில் அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் பார்த்ததுதான்.

முதலாளி கட்டிய பணம் முதல் மூன்று ரேஸிலேயே கரைந்துவிட்டது. அந்தக் கதை வேண்டாம். எங்களோடு முதலாளியின் சொந்தக்காரர் ஒருவர் நின்றிருந்தார், கால்நடை டாக்டர். ஜெயித்த குதிரையை லாயத்துக்கு விடாமல் தனியாகக் கூட்டிப் போனார்கள். ஏனென்று கேட்டேன்.

"மூத்திரம் பிடிக்கறதுக்குத் தம்பி. மருந்து குடுத்து ஓட்டினாங்களான்னு பார்ப்பாங்க. அதுல ஒரு சங்கடம் இருக்கு. நம்ம தோட்டத்துல போடற குதிரை மசால் இருக்குதல்ல, அதைத் தின்னாலே ஆஸ்பிரின் சாப்பிட்ட மாதிரி சாலிசிலிக் அமிலம் மூத்திரத்துல வரும். அதுக்காகக் குதிரையைத் திருடன்னு சொல்ல முடியுமா?"

அதனால்தான் அதற்கு ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். சர்வதேச விதிப்படி சிறுநீரில் ஒரு மில்லிலிட்டருக்கு 750 மைக்ரோகிராம் வரை போனால் தீவனம், அதைத் தாண்டினால் குற்றம்.

ஓய்வு பெற்ற பிறகு இதைப் பற்றிக் கொஞ்சம் படித்தேன். தீவனத்தில் வருவதற்கே இவ்வளவு பாடு என்றால், உடம்பே சுரக்கிற பொருளுக்கு எப்படி எல்லை கட்டுவது? வளர்ச்சி ஹார்மோன் அப்படிப்பட்டது. மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் இருக்கிற பிட்யூட்டரி சுரப்பியில் உண்டாவது. 1958 முதல், வளராத குழந்தைகளுக்கு இறந்த மனிதர்களின் சுரப்பியிலிருந்து எடுத்துக் கொடுத்து வந்தார்கள். அதன் வழியாகக் கொடிய மூளை நோய் தொற்றியது தெரிந்து 1985இல் அமெரிக்காவில் நிறுத்தினார்கள். அதே ஆண்டு ஆய்வுக்கூடத்தில் பாக்டீரியாவை வைத்துச் செய்த ஹார்மோன் விற்பனைக்கு வந்தது. தட்டுப்பாடு தீர்ந்ததும் விளையாட்டுக்காரர்கள் கைக்குப் போனது. 1990களில் ஆஸ்திரேலியாவில் குதிரைக்கென்றே ஒன்று வந்தது. பந்தயக்காரர்கள் சும்மா இருப்பார்களா!

கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடு. இந்த ஹார்மோன் ரத்தத்தில் விட்டு விட்டுச் சுரக்கும், சீக்கிரம் மறைந்தும் போகும். காலையில் எடுத்த ரத்தத்தில் நிறைய இருக்கும், ஒரு மணி நேரம் கழித்து ஒன்றுமே இருக்காது. ஆகவே அதன் தூண்டுதலால் கல்லீரலில் உண்டாகும் ஐஜிஎஃப்-1 என்ற பொருளை அளந்தார்கள். இப்படி ஒன்று இருப்பதை 1957இலேயே சால்மன், டாகடே என்ற இரண்டு அமெரிக்கர்கள் கண்டு சொல்லியிருந்தார்கள். இது ரத்தத்தில் நின்று நிதானமாக இருக்கும். ஊசி போட்டால் ஏறும்.

ஆனால் ஊசி போடாத குதிரைகளை அளந்தபோது ஒன்றுக்கொன்று ஏகப்பட்ட வித்தியாசம். குட்டிக்கு அதிகம், வயது ஏற ஏறக் குறையும். பருவத்துக்குப் பருவம் மாறும். தீவனம் குறைந்தால் இறங்கும். இதில் வயதுக் கணக்கு வேறு ஒரு கூத்து. நம் நாட்டில் எல்லாப் பந்தயக் குதிரைக்கும் ஜனவரி 1தான் பிறந்த நாள். ஏப்ரலில் பிறந்த குட்டி, இருபது மாதம் முடிந்ததும் 'இரண்டு வயதுக் குதிரை'. ஜனவரியில் பிறந்ததும் அதே இரண்டு வயது. இரண்டின் ரத்தத்துக்கும் ஒரே கோடு போட்டால் நியாயமா?

மனிதர்களிலும் இந்த வழக்கு வந்தது. எஸ்தோனியாவின் ஆண்ட்ருஸ் வீர்பாலு, பனிச்சறுக்கில் இரண்டு ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர். 2011இல் வளர்ச்சி ஹார்மோன் சோதனையில் சிக்கினார். 2013இல் விளையாட்டுத் தீர்ப்பாயம் அவரை விடுவித்தது. சோதனை முறை சரிதான், அவர் எடுத்திருக்கலாம் என்ற சந்தேகமும் இருக்கிறது, ஆனால் எல்லைக்கோட்டை எந்தக் கணக்கில் போட்டீர்கள் என்பதை நிரூபிக்கவில்லை என்றது. எனக்கு அந்தத் தீர்ப்பு பிடித்திருந்தது.

குதிரைக்கு அப்புறம் வேறு வழி கண்டார்கள். செயற்கை ஹார்மோனில் மெத்தியோனின் என்ற ஒரே ஓர் அமினோ அமிலம் முனையில் கூடுதலாக ஒட்டியிருக்கும். பிரான்ஸ் நாட்டுக் கூடம் ஒன்று அதையே தேடிப் பிடித்தது. எவ்வளவு இருக்கிறது என்ற கேள்வியே வேண்டியதில்லை, இருந்தாலே குற்றம்.

நம் ஊரில் பந்தயத்தின் கதை வேறு பக்கம் போனது. 1974இல் கலைஞர் ஆட்சியில் ஒழிப்புச் சட்டம் வந்து, வழக்கில் நின்று, 1996 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இது சூதாட்டம் அல்ல, திறமைப் போட்டி என்றது. 2024இல் குத்தகைப் பிரச்சினையில் ஊட்டி மைதானத்தையும், கிண்டியில் 160 ஏக்கரையும் அரசு எடுத்துக்கொண்டது.

இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்றால், ஊட்டி போய் வந்த அடுத்த வருஷம் ஏப்ரலில் எங்கள் கம்பெனியில் ஒரு லாட் துணி எடை குறைவு என்று பையர் ஆள் தள்ளினார். ஜிஎஸ்எம் கட்டரில் வட்டமாக வெட்டி எடை போட்டால், கேட்டது 160, வந்தது 151. ஐந்து சதவீதம் விட்டுக்கொடுத்தாலும் 152 வேண்டும். செக்கிங் பையன் நூலை மாற்ற உடந்தையாக இருந்தான் என்று பேச்சு வந்தது. ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டவன் நான். பையனைக் கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள்.

பருத்தி காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஐப்பசி மழையில் எடை கூடும், சித்திரை வெயிலில் குறையும். முறைப்படி 65 சதவீத ஈரப்பதமுள்ள அறையில் துணியை வைத்திருந்துதான் எடை போட வேண்டும். எங்களிடம் அப்போது ஒரு தராசும் தகரக் கூரையும்தான். மழைக்காலத்தில் அதே லாட்டின் மீதித் துணியை எடை போட்டேன். 155 வந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

போன தைப்பொங்கலுக்கு அவனைப் பழைய பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். தலை நரைத்துவிட்டது. "அண்ணா, நல்லா இருக்கீங்களா" என்று அவனேதான் வந்து பேசினான். அந்த 155ஐ அன்றைக்குத்தான் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. "எனக்கு அப்பவே தெரியுமுங்கண்ணா" என்றான். அவிநாசி பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டான்.