பீங்கான் கிண்ணத்தில் ஒரு வாழ்நாள்



ஹாஸ்டல் மெஸ்ஸில் சோறு வர நேரமானால் டம்ளரை ஸ்பூனால் தட்டாதவர் நம்மில் யாருங்க? தண்ணீர் கூடினால் டம்ளரின் நாதம் இறங்கும், குறைந்தால் ஏறும். பிசிக்ஸ் லேபில் ட்யூனிங் ஃபோர்க்கை வைத்துக்கொண்டு திணறியபோது புரியாதது, மெஸ்ஸில் புரிந்துவிட்டது! இதே தத்துவத்தில் அமைந்த பழைய வாத்தியம்தான் ஜலதரங்கம். அதற்காகவே வாழ்ந்த ஒரு பெண்மணியை இந்த மலரில் நினைத்துப் பார்ப்போம்.

திருமதி சீதா துரைசாமி 1926-ல் திருநெல்வேலி மாவட்டம் அடைச்சாணி கிராமத்தில் பிறந்தார். மகளின் சங்கீதத்துக்காகவே குடும்பம் சென்னைக்குக் குடிபெயர்ந்தது. அங்கே மியூசிக் அகாடமியில் பயின்றபோது, ஜலதரங்கம் கற்கும்படி தூண்டியவர் இசை ஆராய்ச்சியாளர் பேராசிரியர் பி. சாம்பமூர்த்தி. ரமணய்யா செட்டியாரிடம் பாடம் தொடங்கியது. பதினாலு வயசில் கல்யாணம். பிறகு பத்துக் குழந்தைகள். அந்தக் காலத்தில் எத்தனையோ வீடுகளில் பெண்ணின் பாட்டு அதோடு நின்றுபோகும். இவர் விஷயத்தில் அப்படி ஆகவில்லை. வானொலியிலும் மேடையிலும் வாசித்தார். கோட்டுவாத்தியமும் வாசிப்பார். 2001-ல் கலைமாமணி விருது பெற்றார். 2013-ல் மறைந்தார்.

வாசிப்பது லேசு என்று நினைத்துவிடாதீர்கள். சின்னதும் பெரிசுமான பீங்கான் கிண்ணங்களை அரைவட்டமாக அடுக்கி, ஒவ்வொன்றிலும் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றியும் எடுத்தும் ஸ்ருதி சேர்க்க வேண்டும். ராகம் மாறினால் சில கிண்ணங்களின் அளவும் மாறும். கர்நாடக சங்கீதத்துக்கு உயிர் கமகம். கிண்ணமோ தட்டினால் ஒரே ஸ்வரம்தான் சொல்லும். தட்டிய கையோடு குச்சி நுனியால் தண்ணீரை மெல்லத் தொட்டு அலையெழுப்பினால்தான் ஸ்வரம் அசையும். சிறுவாணித் தண்ணீரின் ருசியைப் பற்றி ஊரெல்லாம் பெருமை பேசுகிற நமக்கு, தண்ணீரையே பாட வைக்கிற வித்தை எத்தனை பேருக்குத் தெரியும்?

இங்கே ஜப்பானை ஒரு நிமிஷம் பாருங்கள். மரிம்பா என்பது மரச்சட்டங்களைக் கோலால் தட்டி வாசிக்கும் வாத்தியம். 1937-ல் பிறந்த கெய்கோ அபே அம்மையார் அதைத் தனிக் கச்சேரி வாத்தியமாக உயர்த்தியவர்களில் முக்கியமானவர். அவருடைய யோசனையைக் கேட்டு யமஹா கம்பெனி ஐந்து ஸ்தாயி மரிம்பாவை உருவாக்கியது. 1984-ல் அது வெளிவந்தது. இன்று உலகெங்கும் இசைக் கல்லூரிகளில் அது பாடம்.

நம் ஜலதரங்கத்துக்கு அப்படி ஒரு கம்பெனி துணை நிற்கவில்லை. ஆனயம்பட்டி எஸ். கணேசன், சீதா துரைசாமி போன்ற விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர்தான் தாங்கி நின்றார்கள். கிண்ணம் கடையில் கிடைக்கும், தண்ணீர் குழாயில் வரும். கற்றுக்கொள்ள வருகிற ஆள்தான் அபூர்வம்.

பம்பும் மோட்டாரும் செய்து பேர் வாங்கிய ஊர் நம் பீளமேடு. எதையும் பிரித்துப் பார்த்து, திரும்பச் செய்து பார்க்கிற கை நம்முடையது. லீவுக்கு வீட்டுக்குப் போகும்போது ஏழு கிண்ணம் எடுத்து வையுங்கள், தம்பி தங்கைகளே. ச ரி க ம சேருகிறதா என்று பாருங்கள். சேர்ந்துவிட்டால் விடாதீர்கள், ஒரு குருவைத் தேடிப் போங்க.