ஜன்னல் ஓரம், ஒரு சிலேட்டு, ஒரு தையல் மெஷின்

மரக்காணத்துல எங்க வீடு ஒரு ஹால், ஒரு அடுப்படி, வாசல்ல ஒரு திண்ணை. அவ்ளோதான். போன வருஷம் ப்ராஜெக்ட் மாறி, இனி வீட்டுலேர்ந்தே ஆணி புடுங்கலாம்னு சொன்னதும் பொட்டியைத் தூக்கிக்கிட்டு ஊருக்கு வந்துட்டேன்.

யூடியூப்ல டெஸ்க் செட்டப் வீடியோவா பார்த்துத் தள்ளினேன். வெள்ளை மேசை, மானிட்டரைத் தாங்குற இரும்புக் கை, மஞ்சள் லைட்டு, ஓரத்துல ஒரு குட்டிச் செடி. எல்லாம் வாங்கியாச்சு. (உப்பளக் காத்துல அந்த இரும்புக் கையோட திருகாணி ரெண்டே மாசத்துல துருப்பிடிச்சது தனிக் கதை.) பிரச்சினை இடம்தான். வெளிச்சமும் சிக்னலும் ஒழுங்கா இருக்குறது ஜன்னல் ஓரத்துல மட்டும். அங்கே அம்மாவோட தையல் மெஷின். எனக்கு ஃபீஸ் கட்டின மெஷின்.

"அடுப்படிப் பக்கம் தள்ளிப் போட்டுக்கிறியாம்மா?"ன்னேன். "சரிப்பா"ன்னாங்க. வேற ஒண்ணும் சொல்லல.

அந்தச் சமயத்துலதான் ராமானுஜனைப் பத்திப் படிச்சிக்கிட்டிருந்தேன். கும்பகோணம் சாரங்கபாணி சன்னிதித் தெருவுல அவர் வளர்ந்த வீடு இன்னைக்கும் இருக்கு. 2003ல சாஸ்த்ரா பல்கலைக்கழகம் அதை வாங்கி நினைவில்லம் ஆக்கியிருக்காங்க. தெருவைப் பார்த்த ஒரு ஜன்னல், பக்கத்துல ஒரு கட்டில், வாசல்ல திண்ணை. அப்பா துணிக்கடைக் குமாஸ்தா. சம்பளம் பத்தாம அம்மா கோமளத்தம்மாள் காலேஜ் பசங்களையும் வீட்டுலயே தங்க வச்சுச் சோறு போட்டாங்க. அதுக்குள்ளதான் இவரும் ஒரு மூலை பிடிக்கணும்.

1903ல, பதினஞ்சு பதினாறு வயசுல, காரோட கணிதப் புத்தகம் கையில கிடைச்சுது. ஆயிரக்கணக்கான தேற்றங்கள், நிரூபணம் ரொம்பக் கம்மி. அப்புறம் கணக்கைத் தவிர எதுலயும் மனசு போகல. கும்பகோணம் காலேஜ் ஸ்காலர்ஷிப் போச்சு, சென்னையில பச்சையப்பனும் கைகூடல. வேலை இல்லாம இருந்த அந்த வருஷங்கள்ல அவரோட ஆபீஸ் திண்ணைதான். மடியில சிலேட்டு, தெருச் சத்தம் எதுவும் காதுல ஏறாது.

பேப்பர் விலை கட்டுப்படியாகாது. சிலேட்டுல போட்டுப் பார்த்து, முழங்கையாலயே அழிச்சு, கடைசியா வந்த விடையை மட்டும் நோட்டுல ஏத்துவார். பொட்டி தட்டுறவங்க பாஷையில சொன்னா சிலேட்டு ரேம், நோட்டு ஹார்ட் டிஸ்க் :-) எழுதின பேப்பர் மேலேயே சிவப்பு மசியில மறுபடி எழுதினதும் உண்டு.

இதுக்கு ஒரு விலை இருந்துச்சு. நோட்டுல மூவாயிரத்துக்கும் மேல முடிவுகள். நிரூபணம் அநேகமா எதுக்கும் இல்ல. கமெண்ட்டே இல்லாத கோடு மாதிரி. புரூஸ் பெர்ன்ட்ங்கிற அமெரிக்கப் பேராசிரியர் 1977ல உட்கார்ந்து ஒவ்வொண்ணா நிரூபிக்க ஆரம்பிச்சார். அஞ்சு தொகுதி, கடைசித் தொகுதி வந்தது 1998ல. பேப்பர் மலிவா இருந்திருந்தா பாதி வேலை மிச்சம்னு எனக்குத் தோணுது.

ஹார்டிக்கு லெட்டர் போட்டது 1913 ஜனவரி 16. அப்போ துறைமுகக் கழகத்துல கிளார்க், வருஷத்துக்கு 20 பவுண்டு சம்பளம்னு அவரே அதுல எழுதியிருக்கார். 1914 மார்ச்சுல கப்பல், 1919ல நோயோட திரும்பினார், 1920 ஏப்ரல் 26ல சேத்துப்பட்டுல போயிட்டார். முப்பத்திரண்டு வயசு.

இது வரைக்கும் எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதான். எனக்கு உறுத்தினது மனைவி ஜானகியோட கதை. 21 வயசுல விதவை. கடைசி நாள்ல அவர் படுக்கையில எழுதின தாள்கள் பல்கலைக்கழகத்துக்குப் போய், அங்கேர்ந்து இங்கிலாந்து போய், 1976ல ஆண்ட்ரூஸ் கண்டெடுத்ததும் 'தொலைந்த நோட்டு'ன்னு உலகமே கொண்டாடுச்சு. ஜானகியம்மா பம்பாயில அண்ணன் வீட்டுல இருந்தப்போ தையல் கத்துக்கிட்டாங்க. 1930கள் தொடக்கத்துல சென்னை திரும்பி, திருவல்லிக்கேணி அனுமந்தராயன் கோயில் தெருவுல, பல்கலைக்கழகம் கொடுத்த சின்னப் பென்ஷனோட, தையல் தைச்சுத்தான் குடும்பம் நடத்தினாங்க. ஒரு பையனையும் எடுத்து வளர்த்து ஆளாக்கினாங்க. 1994 வரைக்கும் இருந்தாங்க. ராமானுஜன் சிலேட்டைப் பத்தி எழுதாதவங்க இல்ல, அந்த மெஷினைப் பத்தி ஒரு வரி ரெண்டு வரியோட சரி.

ராத்திரி சாப்பிடறப்போ அம்மாகிட்ட இதைச் சொன்னேன். முழுசாக் கேட்டுட்டு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க: "அந்தம்மா மெஷினை ஜன்னல் ஓரமாப் போட்டிருந்தாங்களா?"

அடுத்த ஞாயித்துக்கிழமை மெஷின் பழைய இடத்துக்கு வந்துடுச்சு. நான் திண்ணைக்கு. கிழக்குப் பார்த்த வாசல், மத்தியானம் வரைக்கும் வெயில்ல ஸ்க்ரீன்ல ஒண்ணும் தெரியாது. அதனால காலை மீட்டிங் எல்லாம் அடுப்படியிலேர்ந்துதான். நடுவுல குக்கர் விசில் கேட்டா கண்டுக்காதீங்க மக்கா.